பழம்பெருமையை உரைகல்லில் உரசிப் பார்த்தவர்: வேதியியல் வரலாற்றாசிரியர் பிரபுல்ல சந்திர ராய்

கொல்கத்தா: இந்தியாவின் பண்டைய அறிவியல் குறித்த விவாதம் எழும்போதெல்லாம் இரு குரல்கள் ஓங்கி ஒலிப்பது வழக்கம். எல்லாம் இங்கேயே இருந்தது என்பது ஒன்று. குறிப்பிடத்தக்க எதுவும் இங்கே இருந்ததில்லை என்பது மற்றொன்று. இவ்விரு கூற்றுகளையும் அப்படியே ஏற்க மறுத்து, பழஞ்சுவடிகளையும் நவீன ஆய்வுக்கூடத்தையும் அருகருகே வைத்து விடை தேடியவர் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய்.

வேதியியலாளர், பேராசிரியர், பெங்கால் கெமிக்கல்ஸ் மருந்து நிறுவனத்தின் நிறுவனர் என்றே பலரும் அவரை அறிவர். ஆயினும், 1902-ஆம் ஆண்டிலும் 1909-ஆம் ஆண்டிலும் இரு தொகுதிகளாக வெளிவந்த 'இந்து வேதியியல் வரலாறு' என்னும் ஆங்கில நூலே, இந்தியாவில் அறிவியல், மருத்துவ வரலாற்று ஆய்வுக்கு உறுதியான அடித்தளம் இட்டது. அந்நூலின் வழியே அவர் எழுப்பிய வினாவும், அதற்குத் தம் வாழ்க்கையால் அவர் அளித்த விடையும் இன்றும் கவனத்துக்குரியவை.

நூலகத்தில் கழிந்த நோய்க்காலம்

தற்போது வங்கதேசத்தின் குல்னா மாவட்டத்தில் உள்ள ராருலி கிராமத்தில் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி ராய் பிறந்தார். தந்தை ஹரீஷ் சந்திர ராய் நிலக்கிழார். நூல்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் உடையவர். பிள்ளைகளின் கல்விக்காக 1870-இல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. புகழ்பெற்ற ஹேர் பள்ளியில் ராய் சேர்க்கப்பட்டார்.

1874-இல் கடும் வயிற்றுக்கடுப்பு அவரைத் தாக்கியது. பள்ளிப் படிப்பு தடைபட்டது. உடல்நிலை அதன்பின் ஒருபோதும் முழுமையாகத் தேறவில்லை. செரிமானக் கோளாறும் உறக்கமின்மையும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தன. ஆனால், வீட்டில் முடங்கிக் கிடந்த அந்த நாள்களில் தந்தையின் நூலகம் அவருக்குத் திறந்துகிடந்தது. வரலாற்று நூல்களும் வாழ்க்கை வரலாறுகளும் அவரை ஈர்த்தன. பிற்காலத்தில் வேதியியலாளர் ஒருவர் வரலாற்றாசிரியராகவும் உருவெடுத்ததற்கான விதை அப்போதே விழுந்துவிட்டது.

பின்னர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் நிறுவிய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் பயின்றபோது, மாநிலக் கல்லூரியில் அலெக்சாண்டர் பெட்லர் நிகழ்த்திய வேதியியல் விரிவுரைகளைக் கேட்கும் வாய்ப்பு ராய்க்குக் கிடைத்தது. செய்முறை விளக்கங்களோடு கூடிய அந்த விரிவுரைகள் அவரை வேதியியலின் பக்கம் திருப்பின. கில்கிறிஸ்ட் உதவித்தொகையைப் போட்டித் தேர்வில் வென்று, 1882-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்டார்.

அங்கே அலெக்சாண்டர் கிரம் பிரவுனின் வழிகாட்டுதலில் வேதியியல் பயின்றபோதும் வரலாற்றின் மீதான நாட்டம் குறையவில்லை. 1857 எழுச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியா எவ்வாறு இருந்தது என்னும் பொருளில் பல்கலைக்கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டார். பிரிட்டிஷ் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்த அக்கட்டுரை பரிசு பெறவில்லை எனினும் பாராட்டைப் பெற்றது. அதனை அவரே அச்சிட்டு வெளியிட்டார். 1887-இல் முனைவர் பட்டத்தையும், தொடர்ந்து ஹோப் பரிசையும் பெற்று, 1888-இல் தாயகம் திரும்பினார்.

ரூ.250 ஊதியத்தில் ஒரு முனைவர்

எடின்பரோவில் முனைவர் பட்டம் பெற்றவருக்கு, தாயகத்தில் ஓராண்டுக் காலம் வேலை கிட்டவில்லை. அந்நாள்களில் நண்பர் ஜகதீஷ் சந்திர போஸின் இல்லமே அவருக்குப் புகலிடமாக இருந்தது. 1889-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாத ஊதியம் ரூ.250. கல்விப் பணியின் உயர்நிலைப் பதவிகள் ஏறத்தாழ ஐரோப்பியர்களுக்கே உரியனவாக இருந்தமையால், தகுதி இருந்தும் கீழ்நிலைப் பணியிலேயே அவர் அமர்த்தப்பட்டார்.

அறிவியலை உருவாக்கும் ஆற்றல் இந்தியர்களுக்கு இயல்பிலேயே இல்லை என்னும் எண்ணம் ஆட்சியாளர்களிடையே பரவலாக நிலவிய காலம் அது. அந்த எண்ணத்தை முழக்கங்களால் அல்லாமல் சான்றுகளால் எதிர்கொள்ள ராய் முற்பட்டார்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தது பாதரசம். கூடுதல் அளவு பாதரசத்தின் மீது நீர்த்த நைட்ரிக் அமிலம் வினைபுரிந்தபோது மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றுவதை 1895-இல் அவர் கவனித்தார். அது மெர்க்குரஸ் நைட்ரைட் என்பது ஆய்வில் தெரியவந்தது. மறு ஆண்டு வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் அம்முடிவுகள் வெளியாயின. நைட்ரைட்டுகள் குறித்த அவருடைய நீண்ட ஆய்வுத் தொடருக்கு அதுவே தொடக்கமாயிற்று. இந்திய ரசவாத நூல்களின் மையப்பொருளும் பாதரசமே என்பது குறிப்பிடத்தக்கது.

பாரிஸிலிருந்து வந்த தூண்டுதல்

அக்காலத்தில் ஐரோப்பாவில் வேதியியல் வரலாற்றுக்குப் பெரும் சான்றாளராக மதிக்கப்பட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்த்தலோ. கிரேக்க, சிரிய, அரபு ரசவாத நூல்களை விரிவாக ஆராய்ந்திருந்த அவருடைய எழுத்துகளில் இந்தியாவுக்கு உரிய இடம் இல்லாததை ராய் கண்டார். 'ரசேந்திரசார சங்கிரகம்' என்னும் நூலை அடிப்படையாகக் கொண்டு ஒரு சிற்றாய்வைத் தயாரித்து அவருக்கு அனுப்பினார். பெர்த்தலோ அதனை மதித்து, 1898-இல் பிரெஞ்சு அறிஞர் இதழ் ஒன்றில் அதுபற்றி விரிவாக எழுதினார். இடைக்கால வேதியியல் குறித்த தம் மூன்று தொகுதிகளையும் ராய்க்கு அனுப்பிவைத்தார்.

அந்த ஊக்கம் ராயைச் சுவடிகளின் உலகுக்குள் இழுத்துச் சென்றது. தாம் அனுப்பிய நூல் பிற்காலத் தொகுப்பே என்பதையும், அதற்கு மூலமான நூல்கள் வேறு என்பதையும் அவர் உணர்ந்தார். காஷ்மீர், சென்னை உள்ளிட்ட இடங்களின் நூலகங்களிலிருந்து சுவடிகளும் அவற்றின் படிகளும் தருவிக்கப்பட்டன. பிழை மலிந்த படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வடமொழிப் பண்டிதர்களின் துணையோடு பாடத்தைத் தெளிவுபடுத்தினார். பகலில் வகுப்பும் ஆய்வுக்கூடமும், எஞ்சிய நேரத்தில் சுவடிகளும் என ஆண்டுகள் உருண்டோடின. 'ரசார்ணவம்' என்னும் நூலை ஹரிஷ்சந்திர கவிரத்னவுடன் இணைந்து பதிப்பித்தும் வெளியிட்டார்.

சுவடிகள் சொன்னவை

1902-இல் வெளிவந்த முதல் தொகுதி, சரகர், சுசுருதர் காலத்து ஆயுர்வேத மரபில் தொடங்கி, தாந்திரிக ரசவாதம் வழியாக, உலோக மருந்துகள் செழித்த காலம் வரை இந்திய வேதியியலின் போக்கை வரைந்து காட்டியது. மருத்துவத்தின் கைப்பிள்ளையாகவே இந்தியாவில் வேதியியல் வளர்ந்தது என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. ஆகவே, அது வேதியியலின் வரலாறாக மட்டுமன்றி மருத்துவத்தின் வரலாறாகவும் அமைந்தது.

ராய் எடுத்துக்காட்டிய சான்றுகளுள் ஒன்று, சுசுருத சங்கிதை கூறும் காரம் தயாரிக்கும் முறை. தாவரங்களை எரித்த சாம்பலை நீரில் கரைத்து வடிகட்டி, சுட்ட சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் ஆகியவற்றோடு சேர்த்துக் காய்ச்சி வீரியமிக்க எரிகாரத்தைப் பெறும் வழியையும், அதனை இரும்புக் கலத்தில் காக்க வேண்டும் என்பதையும் அந்நூல் விவரிக்கிறது. இது ஐரோப்பியத் தொடர்புக்குப் பின் சேர்க்கப்பட்ட பகுதியாக இருக்கலாம் என்பது பெர்த்தலோவின் ஐயம்.

தமக்கு வழிகாட்டியவரின் ஐயம் என்பதற்காக ராய் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்காகச் சினம் கொள்ளவும் இல்லை. ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வாழ்ந்த மருத்துவ நூலாசிரியர்களின் எழுத்துகளில் அம்முறை இடம்பெற்றிருப்பதை எடுத்துக்காட்டி, அந்த ஐயத்துக்கு இடமில்லை என நிறுவினார். பின்னர் 1904-05-இல் ஐரோப்பா சென்றபோது பாரிஸில் பெர்த்தலோவை நேரில் சந்தித்தார்.

துத்தநாகம் குறித்த பகுதி இன்னும் குறிப்பிடத்தக்கது. சூடேற்றினால் துத்தநாகம் ஆவியாகிவிடும். காற்றுப் பட்டால் எரிந்து சாம்பலாகிவிடும். எனவே, தாதுவிலிருந்து அதனைப் பிரித்தெடுப்பது எளிதன்று. கத்தரிக்காய் வடிவ மூசையில் தாதுவை இட்டு, குழாய் பொருத்தி, தலைகீழாகக் கவிழ்த்துச் சூடேற்றி, கீழே நீர் உள்ள கலத்தில் ஆவியை இறக்கிக் குளிர்விக்கும் முறையை 'ரசரத்ன சமுச்சயம்' கூறுவதை ராய் மொழிபெயர்த்து விளக்கினார். இங்கிலாந்தில் இத்தகைய முறைக்கு 1738-இல்தான் காப்புரிமை பெறப்பட்டது.

ராய் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், 1980-களில், ராஜஸ்தானின் உதய்பூர் அருகே ஜாவர் என்னும் இடத்தில் நடைபெற்ற அகழாய்வில், இடைக்காலத் துத்தநாக உலைகளும் கத்தரிக்காய் வடிவ மண் மூசைகளும் வெளிப்பட்டன. ஏட்டில் அவர் படித்ததை மண் உறுதிசெய்தது.

பெருமைக்கும் அதே அளவுகோல்

எனினும், பழமையைப் போற்றும் ஒவ்வொரு கூற்றையும் அவர் அரவணைத்துக்கொள்ளவில்லை. பண்டைய இந்தியர் வெடிமருந்தை அறிந்திருந்தனர் என்று, சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஓப்பெர்ட், சுக்கிரநீதியைச் சான்றாகக் காட்டி 1880-இல் வாதிட்டிருந்தார். தேசப்பற்றாளர் பலருக்கும் இனித்த கருத்து அது. சுக்கிரநீதியின் அப்பகுதி பிற்காலத்து இடைச்செருகல் என்பதே ராயின் முடிவாக இருந்தது. எரிகாரத்துக்குக் கேட்ட அதே சான்றை வெடிமருந்துக்கும் கேட்டார், கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்.

அதைவிடக் கடினமான வினா ஒன்றும் அவர்முன் நின்றது. இவ்வளவு தொலைவு வந்த மரபு ஏன் பாதிவழியில் நின்றது என்பதே அது. அதற்கென்றே, கைத்தொழில் அறிவையும் அறிவியல் உணர்வின் வீழ்ச்சியையும் குறித்துத் தனி இயல் ஒன்றை எழுதினார்.

சாதி இறுகியதே முதன்மைக் காரணம் என்று ராய் முடிவுசெய்தார். உடற்கூறு பயில விரும்பும் மாணவன் பிணத்தை ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, அடுக்கடுக்காக நீக்கிக் கண்ணால் கண்டறிய வேண்டும் என்கிறார் சுசுருதர். பிணத்தைத் தொடுவதே தீட்டு என்று பிற்காலச் சட்ட நூல்கள் விதித்தபோது, மருத்துவன் கையிலிருந்து கத்தி நழுவியது. அறுவை மருத்துவம் மங்கியது. உலோகம் உருக்குதல், சாயமேற்றுதல் போன்ற தொழில்கள் தாழ்ந்தவையாகக் கருதப்பட்டு, எழுத்தறிவு மறுக்கப்பட்டோரிடம் ஒதுக்கப்பட்டன. செய்யும் கைக்கு நூல் எட்டவில்லை; நூல் கற்ற மூளை கைப்பணியைத் தீண்டவில்லை. ஏன், எப்படி என்னும் வினாக்கள் அத்துடன் ஓய்ந்தன. புற உலகை மாயை என்று போதித்த தத்துவப் போக்கும் இதற்குத் துணைபோனது என்பது அவருடைய கருத்து.

தேசிய உணர்வு கொழுந்துவிட்டு எழுந்த வங்காளத்தில், அயலாரை மட்டுமே குற்றம் சாட்டுவது எளிதாக இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. அந்நிய ஆட்சியின் அநீதியை இளமையிலேயே எழுதிக் கண்டித்தவர், தம் சொந்தச் சமூகத்தின் பொறுப்பையும் அதே துணிவோடு பதிவுசெய்தார்.

எலும்பு மூட்டைகளும் ஒரு தொழிற்சாலையும்

இந்த ஆய்வு முடிவு அவருக்கு ஏட்டுச் செய்தியன்று. கையையும் மூளையையும் மீண்டும் இணைக்கும் முயற்சியை 1892-லேயே அவர் தொடங்கிவிட்டிருந்தார். கல்கத்தா மேல் சர்குலர் சாலை 91-ஆம் எண் வீட்டில், சுமார் ரூ.700 முதலீட்டில் மருந்துத் தயாரிப்பு தொடங்கியது.

மருந்துக்குரிய பாஸ்பேட் உப்புகளுக்கு எலும்புச் சாம்பல் தேவைப்பட்டது. இறைச்சிக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்புகளை வாங்கி மாடியில் உலர்த்தினார். எதிர்பாராத மழையில் அவை அழுகி நாற்றமெடுத்தன. காகங்கள் அவற்றைக் கவ்விச் சென்று ஆசாரம் மிகுந்த அண்டை வீடுகளில் போட்டன. அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்தனர். எலும்புகளை நகரின் மற்றொரு பகுதிக்குக் கொண்டுசென்று எரித்தபோது, கொலையை மறைக்கும் முயற்சியோ என்று காவலர்களும் வந்து விசாரித்தனர். தீட்டு பற்றிய அந்த இயலை எழுதிய கைகள், எலும்புச் சாம்பலில் ஏற்கெனவே தோய்ந்தவை.

இழப்புகளும் நேர்ந்தன. தோள்கொடுத்து நின்ற மருத்துவ நண்பர் அமூல்ய சரண் போஸ் 1898-இல் பிளேக் நோய்க்குப் பலியானார். பெர்த்தலோவின் கட்டுரை வெளியான ஆண்டும் அதுவே. தொழிற்சாலையின் இளம் வேதியியலாளர் ஒருவரும் நச்சு அமிலத்தால் நேர்ந்த விபத்தில் உயிரிழந்தார். ராய் தளரவில்லை. 1901-இல் அந்நிறுவனம் பெங்கால் கெமிக்கல் அண்ட் பார்மசூட்டிகல் ஒர்க்ஸ் என்னும் வரையறுக்கப்பட்ட நிறுவனமாயிற்று. பிற்காலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்டு, இன்றும் பொதுத்துறை நிறுவனமாக விளங்குகிறது.

சுவடிகளிலிருந்து மாணவர்களிடம்

1909-இல் இரண்டாம் தொகுதி வெளியானது. பண்டைய இந்தியரின் இயற்பியல், வேதியியல் கோட்பாடுகள் குறித்த பகுதியைத் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் அதற்கு எழுதி அளித்தார். அத்துடன் சுவடி ஆய்விலிருந்து விடைபெற்று, தம் முழு ஆற்றலையும் ராய் ஆய்வுக்கூடத்துக்கும் மாணவர்களுக்கும் அளித்தார்.

அந்த மாணவர் வரிசை பெரிது. மேகநாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ், ஞான சந்திர கோஷ், ஞானேந்திரநாத் முகர்ஜி, நீலரதன் தர் உள்ளிட்டோர் அவரிடம் பயின்றவர்கள். 1916-இல் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்று, கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். 1919-இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1920-இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1924-இல் தொடங்கப்பட்ட இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரும் அவரே.

அறுபது வயது நிறைந்த 1921 முதல், பணியிலிருந்து விலகிய 1936 வரை, தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்துக்கே வழங்கிவிட்டார். வேதியியல் ஆய்வுக்காக அவர் நிறுவிய பரிசுக்கு, பண்டைய ரசவாதியான நாகார்ஜுனரின் பெயரைச் சூட்டினார். 1922-இல் வடவங்காளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, அவர் தலைமையிலான நிவாரணக் குழுவில் சுபாஷ் சந்திர போஸும் பணியாற்றினார்.

திருமணம் செய்துகொள்ளாத ராய், அறிவியல் கல்லூரிக் கட்டடத்தின் ஓர் அறையிலேயே மாணவர்கள் சூழ எளிமையாக வாழ்ந்தார். 1944-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 82.

நிலைத்து நிற்பது எது?

அவருடைய காலக்கணிப்புகள் பலவற்றைப் பிற்கால ஆய்வாளர்கள் திருத்தியுள்ளனர். வீழ்ச்சிக்கு அவர் கூறிய காரணங்கள் குறித்தும் அறிஞர்களிடையே மாற்றுக் கருத்துகள் உண்டு. அவர் ஆராய்ந்தவை பெரும்பாலும் வடமொழிச் சுவடிகளே. அவருடைய மாணவரான பிரியதரஞ்சன் ராய் 1956-இல் அந்நூலைத் திருத்தி விரிவாக்கிப் பதிப்பித்தபோது, பண்டைய, இடைக்கால இந்தியாவின் வேதியியல் வரலாறு என்று அதன் பெயரும் மாற்றம் கண்டது. தம் கூற்றுகளும் சான்றுகளால் திருத்தப்படுவதே அந்த வரலாற்றாசிரியரின் முறைக்கு ஏற்றது.

2011-இல், அவருடைய 150-ஆவது பிறந்த ஆண்டில், பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் அவருக்கு நினைவுப் பட்டயம் ஒன்றை வழங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே அக்கழகம் வழங்கிய முதல் பட்டயம் அது எனக் கூறப்படுகிறது.

பண்டைய அறிவியல் பற்றிய புதிய உரிமைக்கோரல்கள் இன்றும் அவ்வப்போது எழுகின்றன. அவற்றை எள்ளி நகையாடும் குரல்களும் உடன் எழுகின்றன. இரண்டையும் எடைபோட ராய் கையாண்ட வழி எளியது. மூலச் சுவடி எங்கே, அதன் காலம் என்ன, அதில் கூறியவாறு செய்தால் பொருள் கிடைக்கிறதா என்று அவர் கேட்டார். கிடைத்தால், அந்த அறிவு ஏன் தொடரவில்லை என்றும் கேட்டார். முதல் மூன்று வினாக்களை இன்று பலரும் கேட்கின்றனர். நான்காவது வினா இன்னும் அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை.